பச்சைச் சட்டை

தம்பி: …அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ரெண்டு தெரு தள்ளி யாரோ கல்லெறிஞ்சாங்களாம். டிவிக்காரங்க ஊதிப் பெருசாக்குறாங்க.

அக்கா: ரெண்டு தெருவா?

தம்பி: சரி, மூணுன்னு வெச்சுக்கோயேன்.

அக்கா: பேரம் பேசுறியா? இப்ப எங்க இருக்க?

தம்பி: ரூம்லதான். லீவு நாளு, ஊரடங்கு வேற. எங்க போவேன்?

அக்கா: பின்னாடி என்னடா அவ்வளவு சத்தம்?

தம்பி: அது… பக்கத்து ரூம்காரன். லீவுன்னா ஒரு மாசத்துத் துணியையும் மெஷின்ல போடுவான்.

அக்கா: நீ வேலை பாக்குற ஆஸ்பத்திரி லாண்டரியிலதான் நாள்பூரா இந்தச் சத்தம். ரூம்லயுமா? குடுத்து வெச்சவன்டா நீ.

தம்பி: கிண்டல் பண்ணாதக்கா. அம்மா எங்க?

அக்கா: தூங்குறாங்க.

தம்பி: மத்தியானம் பன்னெண்டு மணிக்கா?

அக்கா: …தலைவலின்னாங்க. நீ சாப்பிட்டியா?

தம்பி: ஓ! ரூம்ல இருக்குற நாங்க மூணு பேரும் சேந்து சமைச்சோம்.

அக்கா: அவங்கள்ல ஒருத்தர்கிட்ட ஃபோனைக் குடு.

தம்பி: ஒருத்தன் குளிக்கிறான்.

அக்கா: இன்னொருத்தன்?

தம்பி: தூங்குறான்… தலைவலி.

அக்கா: அங்கயுமா!

தம்பி: நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்க்கா.

அக்கா: பேச்சை மாத்தாத. லீவு நாள்ல அப்பா கேப்பாரே… ஆளுக்கு ஒரு நல்லது சொல்லிட்டுதான் தட்டுல கை வைக்கணும்னு. சொல்லு.

தம்பி: அதெல்லாம் அவரோடயே போச்சுன்னு நினைச்சேன். நீ முதல்ல.

அக்கா: நீ ஃபோனை எடுத்தே. அவ்வளவுதான் என்னுது.

தம்பி: இதெல்லாம் ஒரு…

அக்கா: சொல்லுடா.

தம்பி: வந்து… லாண்டரியில ஒரு பெரியவர். நேத்து "எம்பொண்ணு வர்றா, இன்னிக்கு ராத்திரி என் ஷிஃப்ட்டை நீ பாத்துக்கோ"ன்னுட்டாரு. லீவுக்கு முந்தின ராத்திரிக்கா! மனசுக்குள்ள அப்படித் திட்டினேன். அவர் நல்லா இருக்கணும்.

அக்கா: ஏன்?

தம்பி: சும்மாதான்… நல்ல மனுஷன்.

அக்கா: ம்… நான் அனுப்பின பச்சைச் சட்டையைப் போட்டியா?

தம்பி: போட்டுக்கிட்டுதான் பேசுறேன்.

அக்கா: பொருந்துதா?

தம்பி: அளவெடுத்துத் தெச்ச மாதிரி.

அக்கா: …

தம்பி: அக்கா? இருக்கியா?

அக்கா: இருக்கேன்.

தம்பி: ஏய், அழறியா? சரி… சொல்லிடறேன். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். நான் ரூம்ல இல்ல. லாண்டரியில இருக்கேன். ஷிஃப்ட்டை மாத்திவிட யாராலயும் வர முடியல. சமையலும் இல்ல, கூட்டாளியும் இல்ல, தனியாதான். துவைச்ச போர்வைங்க மேல உக்காந்திருக்கேன், சூடா இருக்கு. எங்க தெருவுலயும் கொஞ்சம்…

அக்கா: தெரியும்டா. காலையில டிவியில காட்டினாங்க. உங்க மாடி முழுக்கத் தீ. உன் ஜன்னல் கொடியில அந்தப் பச்சைச் சட்டை தொங்குச்சு. அம்மாதான் முதல்ல பாத்தாங்க. அவங்க தூங்கலடா… வாயைப் பொத்திக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. "நல்லா இருக்கேன்"னு இன்னொரு தரம் சத்தமா சொல்லு. காலையிலேருந்து பச்சைத் தண்ணி கூடப் பல்லுல படல அவங்களுக்கு.