தாடி வைத்த சிறுத்தை

அகோ!

என் "அகோ"வுக்கு நீங்கள் பதில் தந்த இந்த "அமே" போதாது. அன்னப் பந்தலில் வரிசை நின்றபோது இருந்த வேகம் எங்கே போயிற்று? இன்னொரு முறை. அகோ!

ஆங், இப்போது உயிர் வந்தது.

குடையின் கீழே குன்றென வீற்றிருந்து, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் டோட்சியே நகர மன்னர் டோக்பே லாவோ அவர்களே! மன்னர் முணுமுணுப்பதை முத்தாக்கி முழங்கும் வாய்மொழியாளர் கெபேகு அவர்களே! அரசித்தாய் அவர்களே! முதல் வரிசையில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே விசிறிக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! சந்தையை மூடிவிட்டு வந்த தாய்மார்களே! தறியை நிறுத்திவிட்டு வந்த தோழர்களே! அக்பிளேக் களி வேகும் திசையிலேயே முகம் வைத்திருக்கும் இளைஞர்களே! இந்த அருங்காட்சியகத்தில் துணிகளைக் காக்கும் பணியிலிருக்கும் அகோர்ஃபாவின் வணக்கம்.

இந்தக் கதவுக்குப் பின்னால் நாற்பத்தோரு பழந்துணிகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் நாற்பதைப் பார்க்கவா வந்தீர்கள்? ஒன்றைப் பார்க்க வந்தீர்கள். அந்த ஒன்றைப் பற்றி ஊரில் உலவும் வதந்தி உண்மையா என்று பார்க்க வந்தீர்கள். அதோ, சிரிக்கிறார்கள். பொறுங்கள், சிரிக்க நேரம் வரும்.

துணியைக் காட்சிக்கு வைப்பதென்றால் ஆணி அடித்து மாட்டுவது என்று நினைத்தீர்களா? முதலில் பூச்சியை ஒழிக்க வேண்டும். பூச்சிக்கு வரலாறு தெரியுமா? வம்சம் தெரியுமா? வீரம் தெரியுமா? பட்டு இழையின் ருசி ஒன்றுதான் தெரியும். ஆகவே துணியைப் பாலித்தீனில் சுற்றி, இரண்டு வாரம் கடுங்குளிரில் வைக்க வேண்டும். அதற்கான பெட்டி எங்களிடம் உண்டா? உண்டு. அதற்குள் கரப்பான்கள் குடும்பம் நடத்துகின்றன.

எனவே மீன் விற்கும் என்யோனாம் அக்காவிடம் போனேன்.

"அக்கா, உங்க ஐஸ் பெட்டியில ஒரு துணிய ரெண்டு வாரம் வைக்கணும்."

"யாரு துணி?"

"டோக்பேயோடது."

"ராஜா துணி என் திலாப்பியா பக்கத்துலயா? இரு, திலாப்பியா சம்மதிக்குதான்னு கேட்டுச் சொல்றேன்."

திலாப்பியா சம்மதித்தது. பாதிப் பெட்டியைக் காலி செய்து கழுவினாள். துணியை உள்ளே இறக்கும்போது பாலித்தீன் வழியே ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இதப் பத்தி அட்டையில என்னம்மா எழுதப் போற?"

பெருமையோடு படித்தேன்: "சிறுத்தை, செங்கோல், அரண்மனை வாயில். கொடிய சிறுத்தையைத் தனியொருவராய் வென்ற முதலாம் டோக்பே லாவோவின் வெற்றித் துணி."

"சிறுத்தைக்கு எதுக்கும்மா தாடி?"

பெரியோர்களே, இருபது ஆண்டுகளாகத் துணிகளைப் படித்தவள் நான். அந்தத் தாடிக்கு என்ன விளக்கம் எழுதியிருந்தேன் தெரியுமா? "மீசையின் கலைநயமிக்க நீட்சி"!

"ஆடும்மா அது! செங்கோலாம் செங்கோலு, அது அகப்பை. வாசலும் இல்ல, சாத்துன கதவு. எங்க வீட்டுத் தறியில நெய்ஞ்ச துணி இது. 'கதவத் தொற, நான்தான்'னு பேரு."

அவள் சொன்ன கதை இது. முதலாம் லாவோ நல்லவர், ஆனால் வாய்ப்பேச்சுக்காரர். ஒரு நண்பகலில் சேனைக்கிழங்குக் கொட்டகையில் ஏதோ உறுமியது. "சிறுத்தை!" என்று கத்தியபடி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தித் தாழும் போட்டுக்கொண்டார். மனைவி ஜிக்போடி வெளியே நின்றாள். கையில் இருந்தது குழம்பு துழாவிய அகப்பை. அதை ஓங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். அங்கே கிழங்கு தொண்டையில் சிக்கிய கிடா. அதை விரட்டிவிட்டு வந்து கதவைத் தட்டினாள்: "கதவத் தொற, நான்தான்." சூரியன் சாயும்வரை அவர் திறக்கவில்லை. மறுநாள் முதல் ஊரெல்லாம் சிறுத்தையைக் கொன்ற கதை! ஜிக்போடி மறுத்துப் பேசினாளா? இல்லை. அழுதாளா? இல்லை. நேராக, அக்காவின் முன்னோரான நெசவாளர் அக்பெகோவிடம் போய்ப் பட்டு நூல் கொடுத்து ஒரு துணி நெய்யச் சொன்னாள். கணவர் அதைச் சாகும்வரை போர்த்தினார். அவருக்குப் பின் மூன்று மன்னர்கள் போர்த்தினார்கள்.

நம்பவில்லை நான். அக்காவின் தம்பி, அக்பெகோ வைத்துவிட்டுப் போன மாதிரித் துண்டைக் கொண்டு வந்தார். இழைக்கு இழை அதே ஆடு. கொம்பும் உண்டு.

அட்டையை மாற்ற அனுமதி கேட்டதும், தலைநகரிலிருந்து என் மேலாளர் தொலைபேசியில் சீறினார்: "பழைய அட்டையே இருக்கட்டும். ஆடுன்னு எழுதினா வேலைக்கு வராத."

அரண்மனைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

டோக்பே சொன்னார்: "அந்த மீன்காரிக்குக் கொழுப்பு."

கெபேகு முழங்கினார்: "அம்மையாரின் கருத்தை மன்னர் ஆழ்ந்து நோக்குகிறார்."

"துணியத் திருப்பிக் கொண்டாந்து போடச் சொல்லு."

"துணியின் பிரிவு மன்னரை வாட்டுகிறது."

நான் சொன்னேன்: "டோக்பே, துணி உங்களோடது. கேட்டா தந்துடறேன். பொய் அட்டைய மட்டும் என் கையால வைக்க மாட்டேன்." சொல்லிவிட்டேனே தவிர, வெளியே வந்ததும் அடுத்த மாதச் சம்பளத்தைத்தான் எண்ணிப் பார்த்தேன். எனக்கும் வேலை வேண்டும், ஐயா!

மூன்றாம் நாள் மீன் கடையில் நின்றிருந்தேன். ஒரு மனிதர் வந்தார். குடை இல்லை, கெபேகு இல்லை, சாதாரணச் சட்டை. மாதிரித் துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இதைச் சொல்ல டோக்பே அனுமதி தந்திருக்கிறார். இதோ, தலையசைக்கிறார்.

"நெய்யச் சொன்னவ பேரு என்ன?"

"ஜிக்போடி," என்றாள் அக்கா.

"எங்க முன்னோர் வரிசையில அந்தப் பேரே இல்லையே."

"அசலூர்லேர்ந்து வாழ வந்தவ. அவ பேர யாரு சேப்பாங்க?"

அவர் குரல் தாழ்ந்தது. "எனக்கு நாயக் கண்டாலே பயம். சிறுத்தையக் கொன்னவரு வம்சம்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லி வளத்தாங்க. ஒவ்வொரு திருவிழாவுலயும் அந்தத் துணியப் போத்துறப்ப உடம்பெல்லாம் கூசும்."

அக்கா மீனை அரிவதை நிறுத்தவில்லை. "ஊருக்கே தெரியும் டோக்பே. நீங்க வர்ற வழியில நாங்க நாயக் கட்டிப் போட்டுட்டுத்தானே இருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆடுன்னே எழுதும்மா," என்றார். மேலாளருக்கும் அவரே தொலைபேசி செய்தார். என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். அதை மெருகேற்ற கெபேகு அருகில் இல்லை.

உறவுகளே! ஓடியவன் பெயர் ஓங்கி ஒலித்தது, நின்றவள் பெயர் நினைவிலும் இல்லை! சாத்தியவன் சரித்திரம் ஆனான், தட்டியவள் தடயமின்றிப் போனாள்! அவளை அழிக்க முடிந்ததா? நூற்றிருபது ஆண்டுகள் நான்கு மன்னர்களின் தோளில் ஏறி, அகப்பையை ஓங்கியபடியே வந்திருக்கிறாளே!

இன்று காலை இந்த வாசலில் டோக்பே முன்னோர்க்கு மதுவார்த்தார். வழக்கப்படி பெயர்களை கெபேகு சொல்லிவந்தார். முதலாம் லாவோவின் பெயர் வந்ததும் டோக்பே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு தம் சொந்த வாயால், எல்லோர் காதிலும் விழும்படி அழைத்தார்: "ஜிக்போடி, உள்ள வாங்க."

என் உரையைப் பொறுத்த காதுகளுக்கும், மீன் பெட்டியில் இடம் தந்த அக்காவுக்கும், துணிவோடு தலைமை ஏற்ற டோக்பேக்கும் என் நன்றி. உள்ளே செல்லுங்கள், உரக்கச் சிரியுங்கள், ஆனால் எதையும் தொடாதீர்கள். நம் மொழியில் சொன்னால், அக்பே! வணக்கம்!