இரண்டு நாள் தள்ளிய பாட்டு

விழாத் தலைவர், ‘ரூட்டு ஹிட்ஸ்’ தொகுப்புகளைப் பெற்றெடுத்த சேக் இஸ்மாயில் பாய் அவர்களே! வாடிப்பட்டிப் பெரியவர்களே! என் மினி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இன்றாவது உட்கார இடம் கிடைத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

சற்று முன் பொன்னாடை வந்தபோது நான் குனிந்ததைப் பார்த்தீர்கள். அது தலைவருக்கு வந்த ஆடை. பத்தாவது பெயிலான கழுத்து. யாருக்கு என்று கேட்காமலே குனிந்துவிட்டது. முன்வரிசையில் சிரிக்கிற காளை மாப்ள, சிரி! நிமிர்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாதாமாதம் புதுப் பாட்டுகளில் பதினாறைப் பொறுக்கிப் பென்டிரைவில் தொகுக்கிறார் பாய். இன்று ஐம்பதாவது தொகுப்பு. பொறுக்குவது யார்? புலவரா? பேராசிரியரா? இல்லை, புளிமூட்டையாக நசுங்கி வரும் நீங்கள்! தொகுப்பதற்கு முன் பாட்டுகள் என் பஸ்ஸில் மூன்று நாள் ஓடும். மூன்று நாளும் டிரைவர் நான் பட்டனை அழுத்தித் தள்ளிவிட்ட பாட்டுக்கு இடமில்லை. ஒவ்வொரு தள்ளலுக்கும் கண்டக்டர் சிவபாண்டி நோட்டில் ஒரு கோடு போடுவான். ஆனால் தீர்ப்பு மட்டும் இந்தக் கண்ணுச்சாமியின் கட்டைவிரல்!

இந்த மாதம் ஒரு பாட்டு. புதுப் பெண் குரல். முதல் நாள் இரண்டு வரி, தள்ளினேன். இரண்டாம் நாள் ஒரு வரி, தள்ளினேன். மூன்றாம் நாள் விரல் போகும்போதே, பூக்கூடையோடு நின்ற சோணையம்மாள் அக்கா சத்தம் போட்டது.

“ஏப்பா டிரைவரு, புள்ள எம்புட்டு அழகாப் பாடுது! அது உன்னய என்ன செஞ்சுச்சு?”

“மெதுவா இருக்குக்கா. தூக்கம் வருது.”

“நீ ஓட்டுற ஓட்டுல எங்களுக்கு வராத தூக்கமா? விடுய்யா பாட்ட!”

விட்டேன். பாதிப் பாட்டில் ஸ்டாப் வந்தது. ஒருவரும் இறங்கவில்லை. கூடையும் பையுமாக அப்படியே நின்றார்கள். பாட்டு முடிந்ததும், போட்ட இரண்டு கோட்டையும் அடித்தான் சிவபாண்டி. “அண்ணே, ஒங்க விரலு தோத்துப்போச்சு.”

அது யார் குரல்? தோழி கல்யாணம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்ப் பாடிவந்த என் மகள் முத்துச்செல்வி குரல்! பெற்ற மகள் குரலே தெரியாத தகப்பன் உண்டா? உண்டு. இதோ, மைக் பிடித்து நிற்கிறேன்!

ஒரு பாட்டை உயர்த்துவது எது? பணமா? பட்டமா? பகட்டா? இறங்கும் இடம் வந்தும் இறங்காமல் நின்றனவே, அந்தக் கால்கள்! அந்தக் கால்களுக்கு என் கும்பிடு. ஐம்பதாவது தொகுப்பின் முதல் பாட்டு அவளுடையது. நாளைக் காலை ரயில். இனிமேல் சென்னையில் தங்கித்தான் பாடப்போகிறாள். தோற்ற கட்டைவிரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். தலைவருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. எல்லோரும் சீட்டுக் கிடைத்து வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் முத்துச்செல்வியும் சிரித்துக்கொண்டே தட்டினாள்.

மேடையில் சொல்லாதது ஒன்று. முதல் நாள், முதல் வரியிலேயே அவள் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பாட்டு ஓடினால் அவள் ஊரில் இருக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது. அதனால்தான் தள்ளினேன்.