புதுக் கண் எழுதிய படகு

அதிகாலை நான்கு மணி பத்து நிமிடம். மலைச்சாலையில் எங்கள் பைக்கைத் தவிர வேறு வண்டி இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இருட்டு. அந்த இருட்டுக்குக் கீழே எங்கேயோ விரிகுடா. மேட்டு வளைவில் என் கணவர் லாம் வண்டியை நிறுத்தி, பையிலிருந்து அவித்த வாத்து முட்டைகளை எடுத்தார். ஒன்றை என் நெற்றியில் தட்டி உடைக்கப் பார்த்தார்.

"எலுமிச்சம்பழம் போதல தியெப். உப்பு உப்பாவே இருக்கு."

"பத்து மீட்டர் படகு வாங்கப் போறீங்க. முட்டைக்கு இவ்ளோ விசாரணையா?"

சிரித்துக்கொண்டே நான்கு முட்டை சாப்பிட்டார். ஓடுகளையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கவலையில்லாமல் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் கடைசி.

எங்கள் ஊரில் மின்சாரம் போகும் இரவுகளில், வலை காயும் மேடையில் நெருக்கி உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறார்கள். யாரோ ஒருவனின் அக்கா புருஷனுக்கு நடந்தது என்று ஆரம்பிப்பார்கள். போன மாதம் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். இருட்டில் என்னை யாருக்கும் தெரியவில்லை. கடலுக்குள்ளிருந்து ஓலம் கேட்டது என்றான் சொன்னவன். பக்கத்தில் இருந்த பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஓலம் எதுவும் கேட்கவில்லை. அந்த அக்கா நான்தான்.

லாம் பதினான்கு வருடம் மற்றவர்களின் படகில் வேலை செய்தவர். சொந்தமாக ஒரு படகு, பெரிதாக இல்லாவிட்டாலும் விரிகுடாவுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓட்டுகிற அளவுக்கு... அதுதான் அவருடைய ஆசை. விரிகுடாவின் எதிர்க்கரையில் கியெட் அண்ணன் தன் படகை விற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதுகுவலியாம், இனிமேல் சிங்கி இறால் கூண்டு போட்டுப் பிழைக்கப்போகிறாராம். கியெட் கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் இருபது வயதில் இருவரும் ஒரே கிண்ணத்தில் குடித்து அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்துகொண்டவர்கள். எங்கள் கல்யாணத்தில் பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் நடந்து வந்தவர் அவர்தான். வாங்குவதாக இருந்தால் என் கல்யாணத் தங்கத்தைத்தான் விற்க வேண்டும். அதனால் "உன் முடிவுதான்" என்று லாம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

படகு மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. நீல வண்ணம். லாம் சுத்தியல் காம்பால் பலகை பலகையாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கீழே பலகை இடுக்குகளில் விரலை விட்டு நோண்டினார். அடித்தளத்தில் தேங்கியிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பில்ல. மழைத் தண்ணிதான்."

"இஞ்சினையும் நக்கிப் பாத்துடு தம்பி" என்றார் கியெட்.

மீன் அறைக்குள் நான் இறங்கினேன். டீசல், பழைய மீன், ஈரக் கயிறு. அதற்கெல்லாம் மேலே ஒரு வாசனை... தலைவலிக்குத் தேய்க்கும் பச்சைத் தைலம். பாட்டில் பாட்டிலாகக் கொட்டியது போல.

"அதுவா... வின் இருந்தானே, என்கூட வேலை பார்த்த பையன். எந்நேரமும் தலைவலி. தைல பாட்டிலை உள்ளயே உடைச்சுட்டான். வெளிய போகணும்னு அவனுக்கு ஆசை. சைகோன் பக்கம் போயிருப்பான். சொல்லாம கொள்ளாமப் போயிட்டான்."

எங்கள் விரிகுடாவில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் தவிப்பவரையோ மிதக்கும் உடலையோ பார்த்த படகு திரும்பியே ஆக வேண்டும். வலை பாதியில் கிடந்தாலும் சரி, புயல் என்றாலும் சரி. பார்த்தும் பார்க்காதது போல் போய்விட்டால், விடப்பட்டவன் அந்தப் படகை விடமாட்டான். சொந்தக்காரர் மாறினாலும் அவன் தேடுவது படகைத்தான். அதனால் பழைய படகு வாங்குகிறவர்கள் ஒன்று செய்வார்கள். படகின் முகப்பில் இரண்டு பக்கமும் கண் எழுதியிருக்கும் அல்லவா, விற்பவர் அந்தக் கண்ணின் மேல் உள்ளங்கையை வைத்து நிற்க வேண்டும். வாங்குகிறவர் கேட்பார்: இந்தக் கண் யாரையாவது பார்த்துவிட்டு விட்டு வந்ததா? கண்மேல் கைவைத்துப் பொய் சொன்னவரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

"அண்ணன்கிட்டப் போய் இதெல்லாமா கேக்குறது?" என்று லாம் என் காதில் முணுமுணுத்தார்.

"கேளுங்க. கேட்டா என்ன குறைஞ்சிடும்?"

கியெட் காதில் அது விழுந்துவிட்டது. சிரித்தார். "தங்கச்சிக்கு என்மேல நம்பிக்கை இல்ல தம்பி. பரவால்ல, அவளே கேக்கட்டும்."

கேட்டேன். அவர் உள்ளங்கையை அகல விரித்து இடது கண்ணின் மேல் வைத்தார். "இந்தக் கண் யாரையும் விட்டுட்டு வந்ததில்ல." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

கையை எடுத்தபோது உள்ளங்கையின் நடுவில் கறுப்பு வண்ணம் ஒட்டியிருந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நேத்துதான் புதுசா எழுத வெச்சேன். உங்க கைக்கு வர்றப்போ பளிச்சுனு இருக்கட்டுமேன்னு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாங்கியவர்கள்தான் புதுக் கண் எழுதிக்கொள்வது வழக்கம். அந்தச் செலவைக் கூட நமக்கு வைக்கவில்லையே இந்த மனிதர் என்று நினைத்தேன்.

"வாங்கிடலாங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

முதல் இரண்டு இரவும் நல்ல மீன்பாடு. மூன்றாவது இரவு நிலா இல்லை. கணவாய் மீன் பிடிக்க அதுதான் தோதான இருட்டு. பாறைத் தீவுக்கு வடக்கே நங்கூரம் போட்டு, இஞ்சினை நிறுத்தி, விளக்குகளைத் தண்ணீர் மேல் திருப்பினோம். பச்சை வெளிச்சத்தில் கணவாய்கள் கூட்டமாக வந்து நின்றன, கண்ணாடித் துண்டுகள் போல. காற்றே இல்லை.

தப்... தப்... தப்.

இடது பக்கப் பலகையில். ஈரமான உள்ளங்கையால் கதவைத் தட்டுவது போல.

"ஆமையா இருக்கும்" என்றார் லாம்.

"ஆமை இப்படி எண்ணித் தட்டுமா?"

மறுபடியும் மூன்று தட்டு. பிறகு அந்த வாசனை வந்தது. மீன் அறையிலிருந்து இல்லை. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து... பச்சைத் தைலம். மூக்கு எரிகிற அளவுக்கு.

அப்புறம் குரல்.

"கியெட் அண்ணே... கொஞ்சம் திரும்புங்க."

கத்தல் இல்லை, அழுகை இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவரைப் போல மரியாதையான குரல். இன்னொரு தடவையும் அதே சொற்கள், அதே அளவு சத்தம். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது போல.

லாமின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பயத்தை விட வேறு ஏதோ அதில் இருந்தது. அடி வாங்கிய சிறுவனின் முகம்.

"அது வின் குரல், தியெப்" என்றார். "அண்ணன் இவன விட்டுட்டு வந்திருக்காரு."

"போயிடலாங்க. இஞ்சினப் போடுங்க."

"போனா நமக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?"

கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்தேன். மெல்ல என் விரல்களை எடுத்துவிட்டார். இடது பக்கம் போய் முழங்கால் போட்டு, தண்ணீருக்கு மேல் குனிந்து வலது கையை நீட்டினார்.

"வா தம்பி. கியெட் அண்ணன் இல்ல, நான் லாம். கையக் குடு."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... விளக்குக்கான ஜெனரேட்டரின் உறுமல் மட்டும்.

"குடுத்துட்டான்" என்றார் லாம். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "ரொம்பக் குளிர்ந்து கெடக்கு... தியெப், இவன் என்னைய விட..."

அவ்வளவுதான். நான் கண்ணை எடுக்கவே இல்லை. அவர் முழங்கால் போட்டிருந்த இடத்தில் அவர் இல்லை. ஒரு துளி தண்ணீர் தெறிக்கவில்லை. விளக்கின் கீழே நின்ற கணவாய்கள் கலையக்கூட இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பாறைத் தீவை எத்தனை தடவை சுற்றினேன் என்று நினைவில்லை. கடைசியில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பினேன். வழி முழுவதும் படகு இடது பக்கம் சாய்ந்தே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபது படகுகள் ஆறு நாள் தேடின. மூன்றாம் நாள் கியெட் ஊதுபத்திக் கட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். வின்னின் குரல் சொன்னதையும் சொன்னேன். தேநீர்க் கோப்பையைச் சுழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரிக் கடல்ல என்னென்னமோ கேக்கும் தங்கச்சி. மனசத் தேத்திக்க." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "வெளிய போகணும்னு லாமுக்கும் ஒரு ஆசை இருந்துச்சு. சைகோன் பக்கம் போயிருப்பான்" என்றார்.

வின்னைப் பற்றி அன்று சொன்ன அதே சொற்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

எதிர்க்கரையில் படகுகளுக்குக் கண் எழுதுகிறவள் மூய். வாய் ஓயாதவள். நான் தேடிப் போனபோது, என்னைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான்தான் எழுதுனேன். வாங்குறவங்கதானே எழுதணும்னு கேட்டேன். பழசச் சுரண்டாத, மேலயே தடவுன்னாரு. ரெண்டு மடங்கு கூலி. வாயக் கட்டிப்போடத்தான்னு அப்பவே தெரிஞ்சுது தியெப். தெரிஞ்சும் வாங்கிக்கிட்டேன். என்னைத் திட்டணும்னா திட்டிடு."

திட்டவில்லை. சுரண்டியோடு அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். புதுக் கண் யாரையும் பார்த்ததில்லை. கியெட் கைவைத்தது அதன்மேல். தான் பொய் சொல்லவில்லை என்று அவர் நிம்மதியாகத் தூங்கலாம். கேள்வியைச் சரியாகக் கேட்ட நான், நேற்று எழுதிய கண் என்று அவரே சொன்ன பிறகும் யோசிக்கவில்லை.

மூய் சுரண்டினாள். கறுப்பு உதிர்ந்தது, பிறகு வெள்ளை. எங்கள் பக்கத்து மீன்பிடிப் படகுகளில் கருவிழி கீழே பார்த்துத்தான் இருக்கும். மீன் இருப்பது அங்கேதானே. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதையும் அப்படித்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொண்டே சுரண்டிய மூய், பேச்சை நிறுத்தினாள்.

பழைய கருவிழி கண்ணின் பின் மூலையில் ஒதுங்கியிருந்தது. பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிப் போய் மறுபக்கக் கண்ணையும் சுரண்டினோம். அதுவும் அப்படியே.

சுரண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு யாருக்கும் கண் எழுதவில்லை.

கியெட்டிடம் ஒரே ஒரு தடவை போய் நின்றேன். இறால் கூண்டில் இரை போட்டுக்கொண்டிருந்தார்.

"அலை அப்படி இருந்துச்சு தங்கச்சி. திரும்பியிருந்தா நானும் இருந்திருக்க மாட்டேன்."

"சரி. எங்களுக்கு ஏன் வித்தீங்க?"

கையிலிருந்த இரையைக் கூண்டுக்குள் உதறினார்.

"வேற யாரா இருந்தாலும் கண்ணத்தான் உத்துப் பாத்திருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் என் முகத்தப் பாத்தீங்க."

இப்போதும் சந்தையில் பார்த்தால் வழிவிட்டு ஒதுங்கி, "சாப்பிட்டியா தங்கச்சி?" என்று கேட்கிறார்.

படகை விற்க எனக்கு மனமில்லை. உடைத்து விறகாக்கத்தான் நினைத்தேன். அது லாமின் பெயரில் பதிவாகியிருக்கிறது. உடைக்க வேண்டுமானால் அவருடைய இறப்புச் சான்று வேண்டும். உடல் கிடைக்காததால், அவர் கரை திரும்பவில்லை என்று துறைமுகக் காவல் சாவடியிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். கடலுக்குப் போகும் படகையும் வரும் படகையும் சாவடியில் நிறுத்தாமலே டார்ச் அடித்து ஆள் எண்ணி எழுதிக்கொள்வார்கள்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அன்று காவலில் இருந்த வீரரைக் கூப்பிட்டார்.

"நான்தான் எழுதுனேன்" என்றார் அவர். "நல்லா ஞாபகம் இருக்கு அக்கா. நீங்க சுக்கான் பக்கத்துல நின்னீங்க. அவரு உங்களுக்குப் பின்னால, இடது ஓரமா உக்காந்து சட்டையப் பிழிஞ்சுக்கிட்டிருந்தாரு. முகம் தெரியல. குட்டையா ஒரு ஆளு."

லாம் கேபினுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்கு உயரம்.

நோட்டில் அடித்துத் திருத்த யாருக்கும் அனுமதி இல்லை என்றார் அதிகாரி. இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்கள்.

போனவர்கள்: இரண்டு. வந்தவர்கள்: இரண்டு.