இணைப்பு 'அ': கத்திகள் முப்பத்தொன்று

— பழைய இரும்புக்கோ? உங்கடை கத்தியளையோ?

— ஓம். நாலு மணிக்கு றவூப் வருவார். கொட்டாஞ்சேனையிலை பழைய இரும்புக் கடை வைச்சிருக்கிறவர். முப்பத்தொண்டையும் சாக்கிலை போட்டு, நிறுத்து எடுத்துக்கொண்டு போகட்டும். விசயம் முடிஞ்சுது.

— கோதாரி! முப்பது வருசமா இந்த வீட்டிலை எனக்கு அரை அலுமாரி, உங்கடை கத்தியளுக்கு ஒண்டரை. மன்னாருக்கு மாத்தினால் ஒரு கத்தி, பதுளைக்கு மாத்தினால் ஒரு கத்தி. மற்றப் பெண்டுகளின்ரை புருசன்மார் மாறி வரேக்கை சீலை கொண்டு வந்தவை.

— அதுதான் குடுக்கப்போறன் எண்டு சொல்லுறன். நீர் சந்தோசப்பட வேணும், பாலேஸ்வரி.

— நாலு மாசத்துக்கு முந்தியெண்டால் தேங்காய் உடைச்சிருப்பன். அப்ப நீங்கள் அந்த அறைக்குள்ளை இருந்து கத்திக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தனீங்கள். எனக்கும் நிம்மதி. இப்ப என்ரை குசினிக்குள்ளை நிண்டு எனக்கு வெங்காயம் வெட்டப் படிப்பிக்கிறியள்.

— வெங்காயத்தை நீட்டுப்பாட்டுக்குத்தான் வெட்ட வேணும். ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு.

— நேற்று தாளிதத்துக்கு எத்தினை கடுகு போட்டனான் எண்டு கேட்டனீங்கள். கடுகை!

— நான் ஒரு பரும்படிக் கணக்குத்தான் கேட்டனான்.

— இஞ்சேருங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன். திரும்பக் கத்தி சேர்க்கத் தொடங்குங்கோ. வேணுமெண்டால் என்ரை அரை அலுமாரியையும் தாறன்.

— ஆசை விட்டுப் போச்சுது. அலுமாரியைத் திறந்து பாத்தால் வெறும் இரும்பு. மரப்பிடி போட்ட இரும்பு. முந்தி எனக்கு அப்பிடித் தெரியேல்லை.

— எல்லாம் அந்தப் பொலிசாலை வந்தது. அதுவும் நீங்களாத் தேடிப்போன வில்லங்கம். வீட்டிலை இருக்கிற ஆக்களைப் பதியிற பொலிஸ் போமோடை கத்தி லிஸ்ட் குடுத்த தமிழன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்.

— போமிலை 'வேறு விபரங்கள்' எண்டு ஒரு கட்டம் இருந்தது.

— 'இல்லை' எண்டு எழுதுறதுக்குத்தான் அந்தக் கட்டம்! கீழ்வீட்டு நேசமலர் 'இல்லை' எண்டு எழுதினவ. மேல்வீட்டு முத்துலிங்கம் 'இல்லை' எண்டு எழுதினவர்.

— முத்துலிங்கம் தனியார் கொம்பனி. நான் முப்பத்தாறு வருசம் கச்சேரியிலை அரசாங்கக் கிளாக்கரா இருந்தவன். கேட்ட விபரத்தை மறைக்கேலாது. கட்டத்துக்குள்ளை இடம் காணேல்லை, அதாலை ஒரு இணைப்பு வைச்சனான். இணைப்பு 'அ'. கத்திகள், முப்பத்தொன்று. நீளம், பிடி, வாங்கின இடம். மூண்டு பிரதி, டைப் அடிச்சு.

— கோட்டையிலை குண்டு வெடிச்ச கிழமை! வெள்ளவத்தைச் சனம் முழுக்கத் தேங்காய் உடைக்கிற கத்தியையே ஒளிச்சு வைச்சிருக்குது, என்ரை மனுசன் கார்பன் தாள் போட்டு டைப் அடிக்கிறார்.

— பிறகென்ன? வந்தாங்கள். கத்தியையும் என்னையும் ஜீப்பிலை ஏத்தினாங்கள். ஆறு மணித்தியாலம் விசாரிச்சாங்கள். கத்தியையும் என்னையும் திருப்பி விட்டாங்கள். முடிஞ்ச கதை.

— முடிஞ்ச கதையோ? அண்டு தொடக்கம் அலுமாரி பூட்டு. அண்டு தொடக்கம் தலைமயிரும் வெட்டேல்லை. பஜனைக் கோஷ்டியிலை சேரப் போறாரோ எண்டு நேசமலர் கேக்கிறா.

— சலூனுக்குப் போக நேரமில்லை.

— கடுகு எண்ண நேரமிருக்கு. சரி, நேரமில்லாத மனுசனுக்காக நான் சலூனையே வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறன்.

— ஆரை?

— வேறை ஆரை? வழமையா உங்களுக்கு வெட்டுற செல்லையாவைத்தான். கன நாள் ஊரிலை நிண்டவனாம். முந்தநாள்தான் கொழும்புக்கு வந்தவன்.

— செல்லையாவையோ? வேண்டாம். திருப்பி அனுப்பும். எனக்குச் சுகமில்லை எண்டு சொல்லும்.

— உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?

— செத்துப் போனன் எண்டு சொன்னாலும் பரவாயில்லை!

— கும்புடுறேங்க அம்மா. கதவு தொறந்துதான் இருந்திச்சு, அதான் வந்துட்டேன். யாருங்க செத்தது?

— ஒருத்தரும் இல்லை, செல்லையா. ஐயாதான், வெக்கத்திலை. வா. இந்தக் கதிரையை ஜன்னலோடை போடு.

— நாகேந்திரம் ஐயா! அடேங்கப்பா, என்னாங்க இது? தலையா, கரையான் புத்தா? உக்காருங்க. துணியக் கட்டுறேன். மொகத்த மொதல்ல வழிச்சிடுறேன், அப்புறம் தலை.

— முகம் வேண்டாம், செல்லையா. தலை மட்டும் காணும்.

— அம்மா ரெண்டும்தாங்க சொன்னாங்க. கழுத்த நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே ஆடாம இருங்க.

— கத்தி... புதுசோ?

— புதுசுதாங்க. பழையதத்தான் பொலிசு எடுத்துக்கிச்சே. சட்டைப் பையில சவரக் கத்தி இருந்திச்சு, பிடிச்சுட்டுப் போனாங்க. சலூன்ல வேலை செய்றவன் பையில பின்ன கீரைக் கட்டா இருக்கும்?

— உன்னையும் பிடிச்சவங்களோ? எப்ப?

— ஐயாவப் பிடிச்ச அன்னைக்குத்தாங்க அம்மா. பாமன்கடையில நாங்க தங்கியிருக்கிற லொஜ்ஜில பூந்து ஆறு பேர அள்ளிக்கிட்டுப் போனாங்க. ஒரே அறைதான். நாங்க பெஞ்சில, ஐயா கதிரையில. ஐயா சொல்லலீங்களா?

— சொல்லேல்லை. இஞ்சேருங்கோ, நீங்கள் ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?

— செல்லையா, அந்தக் கத்தியை ஒருக்காக் கழுத்திலை இருந்து எடும்.

— பாதி மொகந்தாங்க ஆயிருக்கு.

— எடும். நான் சொல்லுறதைக் கேளும். கேட்டாப் பிறகு மிச்ச முகத்தை வழிக்கிறதோ, கழுத்தை அறுக்கிறதோ, அது உம்மடை விருப்பம்.

— ஐயோ, என்ன கதை கதைக்கிறியள்!

— பாலேஸ்வரி, என்னை ஒருத்தரும் விசாரிக்கேல்லை. உமக்குச் சொன்னது பொய். அந்தச் சார்ஜன்ட் இணைப்பு 'அ'வைக் கையிலை எடுத்தான். முதலாம் இலக்கம் என்ன எண்டு கேட்டான். பாளைக்கத்தி, மன்னாரிலை வாங்கினது, பனையிலை பாளை சீவுறது எண்டு சொன்னன். எப்பிடிச் சீவுறது எண்டு கேட்டான். காட்டினன். ரெண்டாம் இலக்கம் என்ன எண்டு கேட்டான். முப்பது வருசத்திலை ஒரு சீவன் என்னட்டை ரெண்டாம் இலக்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை. நீரும் கேட்டதில்லை.

— நான் தூசி தட்டினனான்.

— தேத்தண்ணி வந்தது. பணிஸ் வந்தது. திண்டனான். அங்காலை பெஞ்சிலை ஆறு பேர், ஒரு மிடறு தண்ணி இல்லாமல். நான் பணிசைக் கடிச்சுக்கொண்டு றபர் வெட்டுற கத்தி ஏன் வளைஞ்சிருக்குது எண்டு விளங்கப்படுத்தினன். பயத்திலை கதைச்சிருந்தால் பரவாயில்லை. நான் சந்தோசமாக் கதைச்சனான், பாலேஸ்வரி. கலியாணத்தண்டு கூட நான் அவ்வளவு சந்தோசமா இருக்கேல்லை.

— அது எனக்குத் தெரியும். நானும் அந்தக் கலியாணத்துக்கு வந்தனான்.

— ஒருக்காத் திரும்பிப் பாத்தன். செல்லையா என்னையே பாத்துக்கொண்டிருந்தார். கண் வெட்டாமல். அந்தப் பார்வைக்குப் பிறகு எந்தக் கத்தியை எடுத்தாலும் அந்தக் கண்தான் எனக்குத் தெரியுது. எந்த முகத்தோடை நான் சலூனுக்கு வாறது? அவ்வளவுதான். சொல்லிப்போட்டன். இனி வெட்டும்.

— நான் பாத்தது நெசந்தாங்க ஐயா.

— தெரியும்.

— கண்ணெடுக்காமத்தான் பாத்தேன்.

— கோவத்திலை.

— இல்லீங்க. எண்ணிக்கிட்டிருந்தேன்.

— எதை?

— கத்தியத்தான். நீங்க உள்ள வர்றதுக்கு முந்தி எங்க ஆறு பேரு ஐடென்டிட்டி காட்டையும் அந்தச் சார்ஜன்ட் மேசையில அடுக்கி வச்சிட்டாரு. மூலையில ஒரு பைப்புத் துண்டு சாத்தியிருந்திச்சு. அந்த நேரம் பாத்து உங்களையும் மூட்டையையும் கொண்டாந்து விட்டாங்க. 'மே மாத்தயாகே வெட இவர வுனாம உம்பலா'ன்னாரு. இந்த ஐயா வேலை முடிஞ்சதும் நீங்கன்னு. ஆறு மணிக்கு அவருக்கு டியூட்டி மாறும். மணி பன்னெண்டு. உங்க லிஸ்ட்ல முப்பத்தொண்ணு. நாங்க ஆறு பேரும் வேற என்னாத்தங்க பண்ணுவோம்? எண்ணினோம்.

— முருகா...

— ஐயாவோட சிங்களம் இருக்கு பாருங்கம்மா, அதத்தான் நான் கும்புடணும். ஒரு வார்த்தையத் தேடி எடுக்கிறதுக்குள்ள கடியார முள்ளு நகந்துரும். ஒரு கத்திக்குப் பன்னெண்டு நிமிசம். நல்ல சிங்களம் தெரிஞ்ச ஆளா இருந்திருந்தா ரெண்டு மணிக்கெல்லாம் முடிச்சிருப்பாரு. எங்க எலும்பும் முடிஞ்சிருக்கும்.

— நான் கந்தோர்ச் சிங்களச் சோதினையிலை ரெண்டாந்தரமும் பெயில் விட்டவன், செல்லையா. அதாலை எனக்குப் பதவி உயர்வு கிடைக்கேல்லை.

— நல்லதாப் போச்சுங்க. ஆனா இருபத்தெட்டாவது கத்தி வந்தப்ப உங்கள நானே வெட்டியிருப்பேன். 'இது மீன் வெட்டுறது'ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க. பக்கத்துல இருந்த சுடலைமுத்து அழுதே புட்டான்.

— அது புத்தளத்திலை வாங்கின சாதாரண மீன் கத்தி. அதிலை கதைக்க ஒண்டுமில்லை.

— அந்தச் சார்ஜன்ட் நல்லா இருக்கட்டும், புடி என்ன மரம்னு கேட்டாரு. நீங்க மரத்தப் பத்தி ஆரம்பிச்சீங்க. பாலை, முதிரை, வேம்புன்னு ஒரு காடே போச்சு. சுடலைமுத்து கண்ணத் தொடச்சிக்கிட்டான். முப்பத்தொண்ணு முடியிறப்ப ஆறு அஞ்சு. சார்ஜன்ட் தொப்பிய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அடுத்த டியூட்டிக்கு வந்தவரு வயசானவரு. ஐடென்டிட்டி காட்டப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, 'பலயாங்'னு தொரத்தி விட்டுட்டாரு. மறுநாளே நான் ஊருக்கு ரயிலேறிட்டேன். இல்லாட்டி அன்னைக்கே வந்து உங்க கால்ல விழுந்திருப்பேன்.

— அப்ப அந்தப் பார்வை...

— நிப்பாட்டாம பேசுங்கன்னு கண்ணால கெஞ்சினேன். நீங்க மொறைக்கிறதா நெனச்சிட்டீங்க. என் கண்ணு அமைப்பே அப்படித்தான். என் பொண்டாட்டி பழனியம்மாளும் இதேதான் சொல்றா.

— இஞ்சேருங்கோ, அழுறியளோ?

— ஓம். அழுறன். நாலு மாசத்தையும் சேத்து அழுறன். அதிலை என்ன பிழை?

— அழுங்கய்யா. ஆனா தலைய ஆட்டாதீங்க, காதுகிட்ட நிக்கிறேன். பிழைன்னதும்தான் ஞாபகம் வருது, பதினேழாவது கத்தியில ஒரு தப்பு விட்டீங்க.

— பதினேழோ? பதினேழு கவ்வாத்துக் கத்தி. பதுளையிலை ஒரு தோட்டத்திலை வாங்கினது. தேயிலைச் செடியை வருசா வருசம் கவ்வாத்து வெட்டுறது.

— அதாங்க தப்பு. மூணு நாலு வருசத்துக்கு ஒருக்காத்தான் வெட்டுவாங்க. எங்கப்பா கவ்வாத்துக்காரரு. எந்திரிச்சுத் திருத்துவோமான்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பைப்புத் துண்டப் பாத்தேன். வருசா வருசமே வெட்டட்டும்னு விட்டுட்டேன்.

— மூண்டு நாலு வருசத்துக்கு ஒருக்காவோ? அப்ப பொலிசுக்குப் பிழையான விபரம் போயிருக்கு! பாலேஸ்வரி, அலுமாரித் திறப்பு எங்கை? எண்ணெய்ப் போத்தல் எங்கை? நாலு மாசமா ஒண்டையும் துடைக்கேல்லை, கடல்காத்துக்குத் துருப் பிடிச்சிருக்கும். செல்லையா, கெதியா வழியும். உம்மடை தேப்பன் அதை எந்தக் கையாலை பிடிச்சவர்?

— பிள்ளையாரே, என்ரை குசினி எனக்குத் திரும்பக் கிடைச்சுது! அங்கை, பெல் அடிக்குது. றவூப்தான், சாக்கோடை நிப்பார். போகச் சொல்லட்டோ?

— ஏன் போகச் சொல்லுவான்? உள்ளுக்குக் கூப்பிடும். அவரின்ரை கடையிலை பழைய கத்தியள் கனக்கக் கிடக்கும். என்னென்ன கிடக்குதெண்டு கேளும். பிடி இல்லாட்டிலும் பரவாயில்லை.

— இன்னுமோ? முப்பத்தொண்டு உங்களுக்குக் காணாதோ?

— பத்தாதுங்கம்மா. மறுபடி அள்ளிக்கிட்டுப் போனா? இப்ப லொஜ்ஜில நாங்க பதினோரு பேரு.