நாப்பத்தோராம் பக்கத்து டிரைவர்

முந்தாநாள் போன்ல ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு நேர்ல வேற சொல்றீங்க, புத்தகம் அச்சுக்குப் போகணும்மா. இதானே தம்பி உங்க குறை? செருப்பைக் கழட்டும்போதே சொல்லிட்டீங்க, மறுபடி ஒப்பிக்க வேண்டாம். காது நல்லாவே கேக்குது. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்.

ரயில்வேயை அரசாங்கம் எடுத்து நாப்பது வருஷம், மலர் போடறீங்க, நல்லாப் போடுங்க. ஆனா இந்த நாப்பத்தோராம் பக்கம்? வேலைநிறுத்தத்தில் டிரைவர் ஒருவர் வேண்டுமென்றே எஞ்சினை ஓட்டி ஒன்பது தொழிலாளர்களைக் கொன்றார்னு போட்டிருக்கீங்க. வேணும்னேன்னு யார் சொன்னா? எல்லாருமா? ஊர் வாய்க்கு உலைமூடி கிடையாது தம்பி, அதை ஆதாரம்னு அச்சடிக்காதீங்க. அந்த ஒன்பதுல ஒருத்தர் எங்கப்பா. ஸ்டேஷன் மாஸ்டர்.

கம்பெனிக்காரன் காலத்துல கூலி கேட்டா அடி. அரசாங்கம் எடுத்துக்கிச்சுன்னதும் இனிமே இது நம்ம ரயில்னு எஞ்சின் மேல சாக்பீஸால எழுதிட்டு ஆடினாங்க. ஆறே மாசம். மூவாயிரம் பேருக்கு வேலை இல்லைன்னு தாள் ஒட்டினாங்க. ஒட்டினவன் கம்பெனில இருந்த அதே அதிகாரி, தொப்பிதான் புதுசு. அதுக்குத்தான் வேலைநிறுத்தம். கம்பெனி அடிச்சா ரௌடித்தனம், அரசாங்கம் அடிச்சா சட்டம் ஒழுங்கு. இதையும் போடுவீங்களா? மாட்டீங்க.

எங்களது ஒத்தைத் தண்டவாளம். ரெண்டு ஸ்டேஷன் நடுவுல ஒரு நேரத்துக்கு ஒரே வண்டி. அதுக்கு அத்தாட்சி டோக்கன்னு ஒரு இரும்பு உருண்டை. அது கைக்கு வந்தா வழி காலி, டிரைவர் கண்ணை மூடிட்டுப் போகலாம். ஒரு உருண்டை வெளிய இருந்தா ஸ்டேஷன்ல இருக்கற மெஷின் இன்னொண்ணைக் கொடுக்காது. அப்பா அந்த ஒண்ணை எடுத்து வீட்டுல ஒளிச்சு வெச்சார். நாலு நாள் ஒரு சக்கரம் உருளலை.

அந்த தைரியத்துலதான் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வளைவைத் தாண்டித் தண்டவாளத்து மேலயே உக்காந்து கூட்டம் போட்டாங்க. எஞ்சின் சத்தம் கேட்டும் எழுந்திரிக்கலையாம். டோக்கன் நம்மகிட்ட இருக்கு, ஸ்டேஷனைத் தாண்டாது, சும்மா உறுமறான்னு அப்பா சிரிச்சாராம். தப்பிச்ச ஒருத்தர் சொன்னது. வளைவு திரும்பினப்புறம் வண்டியை நிறுத்த இடமில்லை. அப்பாவோட ஒரு கால் செருப்போட தனியாக் கிடந்துச்சு. அதை வெச்சுத்தான் அடையாளம் சொன்னோம்.

நீங்க எழுதின அந்த டிரைவர் எங்களுக்குப் பெரியப்பா, பக்கத்து வீடு, அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் வேலைநிறுத்தத்துல இருந்தவர்தான். அன்னிக்குக் காலைல போலீஸ்காரங்க அவரை இழுத்துட்டுப் போய் எஞ்சின்ல ஏத்தி நெத்தில துப்பாக்கி வெச்சாங்க. டோக்கன் கொடுங்க, போறேன்னார். துப்பாக்கிக் கட்டையால வாயில அடிச்சாங்க, நாலு பல்லு பிளாட்பாரத்துல விழுந்துச்சு. ரத்தத்தைத் துப்பிட்டு அதையேதான் சொன்னார். வேணும்னே கொல்றவன் பல்லைக் கொடுப்பானா?

செத்தவங்க சொந்தக்காரங்க அவரைச் சும்மா விட்டாங்களா? இரும்புக் கம்பியால ரெண்டு முழங்கையையும் உடைச்சாங்க. எங்க சித்தப்பாவும் ஒரு அடி போட்டார். அப்புறம் அவருக்குச் சோறு ஊட்டியே பெரியம்மா கிழவியானாங்க. போன மாசம் போய்ச் சேர்ந்தார். டோக்கன் எப்படி வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலை.

ஆமா, சரியான கேள்விதான். எப்படி வந்துச்சு?

வீடு வீடாத் தேடினாங்க தம்பி. எங்கம்மா விரலைக் கதவிடுக்குல வெச்சுச் சாத்தினாங்க. ஒவ்வொண்ணா. அம்மா கத்தினாளே தவிர இடத்தைச் சொல்லலை. மூணாவது விரலுக்கு நான் மாவு டப்பாவைக் கவுத்துட்டேன், உள்ள இருந்த டோக்கன் உருண்டுச்சு. எனக்குப் பதினோரு வயசு. அந்த அதிகாரி கெட்டிக்காரன், நீயே டிரைவர்கிட்ட கொண்டுபோய்க் கொடும்மான்னான். பெரியப்பா உடனே வாங்கலை. அப்பாவா கொடுத்தனுப்பினார், சமாதானம் ஆயிடுச்சான்னு கேட்டார். அதிகாரி கை என் தோள்ல இருந்துச்சு. ஆமா பெரியப்பான்னேன். அப்புறம்தான் வாங்கிட்டு வண்டியை எடுத்தார். கான்வென்ட்ல சின்னப் பொய்க்கே முட்டி போட வைப்பாங்க. இதுக்கு யாரும் போடச் சொல்லலை.

அந்த வேண்டுமென்றேவை அடிச்சுட்டு, டோக்கனைக் கொடுத்தது ஸ்டேஷன் மாஸ்டர் பொண்ணுன்னு எழுதுங்க. பேனாவை ஏன் மூடறீங்க? எழுதுங்க தம்பி.