இரத்தினவேலின் மகள் உடுத்த கில்ற்

விழாத் தலைவர், பெருமதிப்புக்குரிய அமிர்தநாதர் அவர்களே, மங்கலம் பொலிய இம்மண்டபத்தை அலங்கரித்துத் தந்த செயற்குழுவினரே, முன்வரிசையில் கோட்டுக்கு மேல் சால்வை போர்த்துக் குறையாத கம்பீரத்தோடு வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் தொழிற்சாலைக் களைப்பைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, றிச்மண்ட் ஹில்லில் இருந்தும் பிக்கரிங்கில் இருந்தும் இந்த மழையில் கார் ஓட்டி வந்த சகோதரர்களே, சுவரோடு சாய்ந்து நின்று ‘இந்த ரீச்சர் எப்போது முடிப்பா’ என்று ஏங்கும் இளையோரே, உங்கள் அனைவருக்கும் ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் மங்கையற்கரசியின் பணிவான வணக்கம்.

எத்தனையோ மேடை ஏறியவள் நான். ஆனாலும் இன்று என் நா வறள்கிறது. ஏன் தெரியுமா? ‘நமது உடை, நமது மானம்’ என்று எனக்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறார்கள். ஆண் வேட்டியும் பெண் சேலையும் உடுத்தாமல் இனி இந்த மேடையில் ஏறக்கூடாது என்றொரு விதிக்கு, விழா முடிவில் உங்களைக் கை உயர்த்தச் சொல்லப் போகிறார்கள். அந்த விதி எதற்காக வந்தது? எனக்கு அடுத்ததாக ஒரு பெண் பிள்ளை மேடை ஏறப் போகிறாள். அவள் உடுத்தியிருப்பது சேலை அல்ல. ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பில் சுற்றும் மடிப்பு மடிப்பான கம்பளி உடை, கில்ற். அவள் கையில் இருப்பது வீணை அல்ல, தோற்பையில் காற்றடைத்து ஊதும் பாக்பைப்.

ஓம், பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், தம்பி. நானும் முதலில் சிரித்தவள்தான்.

அந்தப் பிள்ளையின் பெயர் அட்சயா. வயது பத்தொன்பது. எங்கள் அடுக்குமாடியில், எனக்கு மேல்மாடியில் இருக்கும் இரத்தினவேல், பாலேஸ்வரி தம்பதியின் ஒரே மகள். பாடசாலையில் பாக்பைப் ஊதக் கற்றாள். பாடசாலை முடிந்தபின் நகரின் கிழக்கே, முன்னாள் படைவீரர் மண்டபம் ஒன்றில் ஒத்திகை பார்க்கும் வாத்தியக் குழுவில் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் கில்ற் உடுத்து, காலுறையை முழங்கால் வரை இழுத்து, வாத்தியப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ரெயினில் போவாள்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் அதே ரெயினில் நானும் ஏறினேன். பெட்டியின் மூலையில் இரத்தினவேல் அண்ணை இருந்தார். தொப்பியைக் கண்வரை இறக்கி, இரண்டு பெட்டிகளுக்கு இடையே உள்ள கண்ணாடி வழியாக அடுத்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பெட்டியில் யார்? அட்சயா. என்னைக் கண்டதும் அவர் பதறிப் போனார்.

“பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர். நான் சும்மா பின்னால போறனான்.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். பிள்ளை கில்ற் உடுத்த நாள் தொடக்கம் என்றார். ஞாயிறு அவருக்கு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் ஓய்வு. அந்த ஓய்வு நாளை அவர் நித்திரைக்குக் கொடுக்கவில்லை, நண்பர்களுக்குக் கொடுக்கவில்லை, மகளுக்குப் பின்னால் ஒளிந்து பயணம் செய்யக் கொடுத்தார். ஏன் அண்ணை இப்படிப் பயப்படுகிறீர்கள், இது ரொறன்ரோ அல்லவா என்றேன். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஆக்கள் உடுப்பைப் பாத்துத்தான் முதல்ல அடையாளம் பிடிப்பினம்.”

அவ்வளவுதான். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

வந்தது ஆனி மாதம். கனடா தின ஊர்வலத்துக்குக் குழு ஆயத்தமானது. அப்போது குழுத் தலைவர் மக்ரே ஒரு கட்டளை போட்டார். மக்ரே பிழையான மனிதர் அல்லர். தகப்பனும் பாட்டனும் ஊதிய வாத்தியத்தை ஊதுகிறவர். அவர் சொன்னது இதுதான்: கில்ற் ஆண்களின் உடை, அது மரபு. ஒத்திகைக்கு எதையும் உடுக்கலாம். ஊர்வலத்தில் பெண்கள் கணுக்கால் வரை நீண்ட பாவாடை உடுத்தே நடக்க வேண்டும். இல்லையேல் நடக்க வேண்டாம்.

மரபு! நமக்கு மட்டுமா மரபு? நமக்கு மட்டுமா மானம்? ‘நாங்கள் இல்லாமல் போய்விடுவோமோ’ என்று நெஞ்சுக்குள் நெருப்பு எரிவது நமக்கு மட்டுமா? கடல் கடந்து வந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கும் அதே நெருப்பு, அதே நடுக்கம், அதே விதி.

வீட்டில் என்ன நடந்தது? பாலேஸ்வரி அக்காவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. பாவாடையும் வேண்டாம் கில்ற்றும் வேண்டாம், பிள்ளை சேலை உடுத்து ஊதட்டும் என்றார். உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் வந்து, முழங்கால் தெரிய வீதியில் போகும் பெண்ணை நாளைக்கு யார் கட்டுவான் என்று கேட்டார். இரத்தினவேல் அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அட்சயா படியிறங்கி என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். அவள் கேட்டது தேற்ற முடியாத கேள்வி.

“அம்மா சேலை எண்டுறா. பாண்ட் குழுவில லோங் ஸ்கேர்ட் எண்டினம். எனக்கு என்ன விருப்பம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, ரீச்சர்.”

சரி, உனக்கு ஏன் அந்தக் கில்ற்றில் அவ்வளவு விருப்பம் என்று நான் கேட்டேன்.

“பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். அதுக்குக் காரணம் வேணுமா?”

அன்பர்களே, என் சேலைக்கு நான் எந்தக் காரணத்தைக் காட்டுவேன்? இதைக் கட்டும்போது என் நடை நேராகிறது, நெஞ்சு நிமிர்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

மறுநாள் இரத்தினவேல் அண்ணை என் கதவைத் தட்டினார். மக்ரேயோடு பேச வேண்டும், இங்கிலிஷில் சொல்லித் தர முடியுமா என்றார். மகளை நிற்பாட்டச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பயம் எனக்குத் தெரியும். குழுவில் இருந்து பிள்ளையை விலக்கினால் ஞாயிறுதோறும் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்துக்குப் போனோம். வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு குழு முழுவதும் அரைவட்டமாக இருந்தது. அட்சயா தகப்பனைக் கண்டு திகைத்து நின்றாள். அவர் தமிழில் பேசினார். நான் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தேன். நான் இங்கே சொல்லப்போவதை அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன்.

“எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்துக்குள்ள நான் கொழும்பில, வெள்ளவத்தையில இருந்தனான். இவளின்ரை தாயும் கைக்குழந்தையா இருந்த இவளும் ஊரில. கோயிலுக்குப் போட்டு வேட்டியோட வாறன், றோட்டில ஆக்களை மறிச்சு அடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். ஒரு சிங்கள மனுசி என்ரை கையைப் பிடிச்சு இழுத்துத் தன்ரை வீட்டுக்குள்ள விட்டா. ஈரத்துணியால திருநீற்றைத் துடைச்சா. தன்ரை மனுசன்ரை காற்சட்டையைத் தந்து, வேட்டியைக் கழட்டச் சொன்னா. கழட்டின வேட்டியை அடுப்புக்குள்ள வைச்சா. அது எரியிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அதாலதான் உயிரோட இருக்கிறன்.”

அந்த இடத்தில் என் மொழிபெயர்ப்பு நின்றுவிட்டது. அட்சயாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் இது புதிய செய்தி. பத்தொன்பது வருடம் அப்பா என்று அழைத்த மனிதரை அவள் அன்றுதான் முதன்முதல் காண்பதுபோல நின்றாள். அவர் காத்திருந்தார். நான் ஒருவாறு சொல்லி முடித்தேன். பிறகு அவர் மக்ரேயை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“நான் உயிருக்காகக் கழட்டினனான். என்ரை பிள்ளை ஏன் கழட்டோணும்? இதைக் கேளுங்கோ ரீச்சர்.”

கேட்டேன். மக்ரே இளகிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன், ஆனாலும் மரபு மரபுதான் என்றார். அப்போது மேளம் அடிக்கும் மொய்ரா என்ற பெண்மணி எழுந்தார். நரைத்த தலை, உரத்த குரல். தங்கள் முன்னோர் கிளர்ந்தெழுந்து தோற்றபின், கில்ற் உடுத்தால் சிறை, மறுபடியும் உடுத்தால் நாடு கடத்தல் என்று பிரித்தானிய அரசு சட்டம் போட்டதே, அதை மறந்தாயா மக்ரே என்று கேட்டார். உண்மைதான், அன்பர்களே. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட அந்தச் சட்டம் ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. கில்ற்றும் ஒருநாள் கழற்றப்பட்ட உடைதான்!

பிறகு மொய்ரா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “எனக்கு நீளப் பாவாடைதான் விருப்பம். இந்த ஊர்வலத்திலும் அதைத்தான் உடுத்துவேன். ஆனால் நீ சொன்னதற்காக அல்ல, மக்ரே, எனக்கு அது விருப்பம் என்பதற்காக. அந்தப் பெண் தன் விருப்பத்தை உடுக்காவிட்டால், நானும் நடக்க மாட்டேன்.”

இன்னும் சிலர் அவரோடு எழுந்தார்கள். மக்ரே, எல்லோரும் ஊர்வலத்துக்கு நேரம் தவறாமல் வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஊர்வல நாள் வந்தது. நீளப் பாவாடையில் மொய்ரா, கில்ற்றில் அட்சயா, பக்கத்தில் பக்கத்தில், அடிக்கு அடி ஒன்றாக நடந்தார்கள். பாலேஸ்வரி அக்கா என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இரத்தினவேல் அண்ணை எங்கே? நடைபாதையில், கூட்டத்துக்குள் முட்டி மோதி, குழுவோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் எவனோ ஒருவன் அட்சயாவின் நிறத்தைச் சொல்லிக் கத்தினான். அவர் கல்லாய் நின்றார். அட்சயா நிற்கவில்லை, மூச்சுத் தளரவில்லை, அடி பிசகவில்லை, ஊதிக்கொண்டே போனாள். அவர் மறுபடியும் ஓடத் தொடங்கினார். முடிந்தபின், பிள்ளை எப்படி வாசித்தாள் அண்ணை என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லை ரீச்சர். நான் சனத்தின்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்.”

தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

பெரியோர்களே, உங்கள் அச்சம் எனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் நம்மை விட்டுப் போய்விடுவார்களோ, நம் மொழி போய், முகம் போய், கடைசியில் பெயரும் போய்விடுமோ? அந்த அச்சத்தோடுதான் நானும் சனிக்கிழமைதோறும் வகுப்புக் கதவைத் திறக்கிறேன். ஆனால் அச்சம் விதி எழுதலாமா? கோயிலுக்குக்கூட வேட்டி கட்டாத மனிதர் என்று இரத்தினவேலைப் பழித்தோமே, ஏன் என்று கேட்டோமா? நாளை உங்கள் விதி வந்தால் இந்த மேடையில் மகளுக்கும் இடமில்லை, தகப்பனுக்கும் இடமில்லை. ‘கழற்று’ என்ற குரலுக்குத் தப்பி ஓடி வந்த நாம், ‘கட்டு’ என்று அதே குரலில் பேசலாமா? வேட்டியை விரும்பிக் கட்டுங்கள், கம்பீரமாகக் கட்டுங்கள், பார்ப்பவருக்கு ஆசை வரும்படி கட்டுங்கள். ஆசையால் வருவது நிலைக்கும். ஆணையால் வருவது அன்றைக்கே அவிழும். அந்த விதிக்கு என் கை உயராது.

இந்த மண்டபத்தின் வாசற்பக்கம் இரத்தினவேல் அண்ணை நிற்கிறார். திரும்பிப் பார்க்க வேண்டாம், கூச்சப்படுவார். சற்று நேரத்தில் அவர் மகள் இங்கே வருவாள். அவள் ஊதத் தொடங்கும்போது அவர் கண்கள் உங்கள் முகங்களைத்தான் தேடும். யார் முகம் சுளிக்கிறது, யார் உதடு நெளிகிறது, யாரால் என் பிள்ளைக்கு ஆபத்து என்று தேடும். தாய்மார்களே, தந்தைமார்களே, அவர் அஞ்சுவதற்கு ஒரு முகமும் இங்கே இல்லை என்று காட்டுங்கள். ஒரு பாட்டு முடியும் வரைக்குமாவது அந்த மனிதர் தன் மகளைப் பார்க்கட்டும். அவள் வாசிப்பது அவருக்குக் கேட்கட்டும்.

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், நேரம் நீட்டித் தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.