ஏழு மீனவர் சமாதி

— அந்தக் கல்லு மேல உக்காராதேன்னு எத்தனை தடவைய்யா சொல்றது, ஆர்வில்?

— இது நான் தூக்கி வச்ச கல்லு, அம்மணி. நானும் உன் புருஷன் ஹார்லனும் தூக்கி வச்சது. என் இடுப்பு போனதே இந்தக் கல்லாலதான். இது மேல உக்காந்து ரொட்டி தின்ன எனக்கு உரிமை இல்லைன்னா வேற எவனுக்கு இருக்கு?

— பத்து மணிப் படகுல அந்த வரலாற்று ஆபீசரம்மா வர்றா. ஏழு மீனவர் சமாதி மேல பூங்கா ஊழியரே உக்காந்து பன்றிக்கறி ரொட்டி மென்னுக்கிட்டிருந்தா என்ன நெனைப்பா?

— கக்கூஸ் குழி மேல உக்காந்து திங்கறானே, இவனுக்குக் குமட்டலையான்னு நெனைப்பா. அதுவும் நான் சொன்னப்புறம்தான்.

— சொல்லப் போறியா?

— சொல்லத்தான் போறேன். அக்டோபரோட எனக்கு ஓய்வு. முப்பத்தெட்டு வருஷமா இந்தப் பூங்காவுல புல்லு வெட்டி, மரம் அறுத்து, ஊரான் பேண்டதுக்குச் சுண்ணாம்பு போட்டிருக்கேன். போறப்ப ஒரே ஒரு உண்மையாவது சொல்லிட்டுப் போறேனே.

— உண்மையாம் உண்மை. இத்தனை வருஷம் எங்க போச்சு?

— யாரும் கேக்கல, சொல்லல. இப்ப கடுதாசி போட்டுக் கேக்கறாங்க. வெண்கலப் பலகை அடிக்கணுமாம். அதுக்கு முன்னாடி, இங்க மனுஷன் புதைஞ்சிருக்கான்னு நேரா தெரிஞ்ச ஒரு ஆளு உறுதிமொழி குடுக்கணுமாம். அப்படி யாரும் இல்லைன்னா தோண்டிப் பாப்பாங்களாம். நீயும்தான் படிச்சே.

— படிச்சேன். ஒருத்தர் கையெழுத்துப் போட்டா மண்வெட்டி படாதுன்னும் இருந்துச்சு.

— என் கையெழுத்து அது, அம்மணி. பொய்க் கையெழுத்துன்னு நாளைக்குத் தெரிஞ்சா ஓய்வூதியம் காலி. முப்பத்தெட்டு குளிர்காலம் பனி தள்ளின கையி, கடைசியில பொய்யில போய் முடியணுமா?

— யோவ், பொய்னா நீ ரொம்ப யோக்கியம் பாரு. அந்தப் பாதிரியம்மாவை மொதல்ல ஏமாத்தினது யாரு?

— அது ஹார்லன். நான் பக்கத்துல நின்னு சிரிச்சேன், அவ்வளவுதான்.

— சிரிச்சியா? உசுரோட இருந்த வரைக்கும் அவரு வேற மாதிரிதான் சொன்னாரு.

— அவன் ஆயிரம் சொல்லியிருப்பான். கேட்டுக்கோ. எண்பத்தெட்டுல பழைய கக்கூஸ் குழி ரொம்பிப் போச்சு. வழக்கம்போல கொட்டகையைத் தூக்கி அந்தாண்ட வச்சோம், குழியில மண்ணைக் கொட்டினோம். மண்ணு அமுங்க ரெண்டு வருஷம் ஆகும், எவனாவது கூடாரம் அடிச்சுத் தொலைப்பான்னு சுத்தி ஏழு கல்லு வச்சோம். எல்லா இடத்துலயும் அப்படித்தான் வைப்போம். மறுவாரம் பக்கத்துப் பெரிய தீவுலேருந்து பாதிரியம்மா சர்ச்சுக் கூட்டத்தோட வந்தா. அந்த அம்மா இந்தக் கல்லுல சாஞ்சு நின்னு, இது என்ன இடம், மனசுக்கு இவ்வளவு அமைதியா இருக்கேன்னு கேட்டா.

— அவ மொகத்தைப் பாத்து கக்கூஸ் குழின்னு எப்படிச் சொல்றதுன்னு எங்கிட்ட வந்து சொன்னாரு.

— அதான் ஏழு கல்லையும் பாத்தான், ஏழு மீனவங்கன்னுட்டான். நவம்பர்ப் புயல்ல ஏரியோட போனவங்கன்னான். கடைசி ஆளு கைக்குழந்தைக்காரன்னான். எங்கேருந்துதான் வந்துச்சோ அந்தக் கைக்குழந்தை. அந்தம்மா அங்கேயே மண்டி போட்டா. சுண்ணாம்பு வாடை கூட இன்னும் போகல.

— அப்புறம் பூ வந்துச்சு. மறுவருஷம் வழிகாட்டித் தாள்ல அச்சடிச்சாங்க. ஜூலையில பூசை வேற. நீயும்தானே நாற்காலி சுமந்தே?

— சுமந்தேன். அது என் வேலை. பூசை சொன்னது நானில்ல.

— இந்தா பாரு ஆர்வில், அதுல யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? இந்தத் தீவுல வேற என்னய்யா இருக்கு? கடை கிடையாது, கரண்ட்டு கிடையாது, வண்டி கிடையாது. அவனவன் மூட்டையை அவனவன் ஒரு மைல் சுமக்கணும்.

— ஏன், அந்தப் பியானோ கம்பெனி முதலாளி கட்டின கல்மண்டபம் இருக்கு. சிகாகோவுலேருந்து எண்பது நாற்காலி கொண்டாந்து போட்டுட்டு விருந்துக்கு ஆள் தேடினானே. பொண்டாட்டி கூட ஒரு தடவைதான் வந்தா, அதுவும் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டு. அந்தாளு செத்தப்புறம் வாங்க எவனும் வரலைன்னுதானே மாநில அரசு தலையில கட்டினாங்க. அதைத்தான் நீ 'அவர் மக்களுக்கு விட்டுச் சென்ற கொடை'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறே.

— சுத்திக் காட்டறவ அப்படித்தான் சொல்லணும்.

— உன் கலங்கரை விளக்கம் மட்டும் என்ன? வழி காட்டின வருஷத்தைவிட ஈ செத்துக் கெடந்த வருஷம்தான் ஜாஸ்தி. தினம் காலையில ஒரு முறம் ஈ அள்ளறே. அதைச் சொல்றியா அவங்ககிட்ட? அப்புறம் மான் இருக்கு, மான் மேல உண்ணி இருக்கு. நல்ல தீவுதான்.

— அதெல்லாம் பாத்துட்டுப் படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. இங்க வந்தாத்தான் தொப்பியைக் கழட்டறாங்க. போன வாரம் லாரி ஓட்டறவன் ஒருத்தன், ஆளு மாடு மாதிரி இருந்தான். இங்க நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அண்ணன் கப்பலோட முழுகிப் போனவனாம்.

— பாவம். அதுக்காக மலத்தைப் பாத்து அழணுமா?

— வாயைக் கழுவு.

— தோண்டட்டும்னு விட்டா என்ன வரும்னு எனக்குத் தெரியும் அம்மணி. பீர் பாட்டில் வரும், பல்செட்டு ஒண்ணு வரும், அது யாருதுன்னும் தெரியும். பத்திரிகைக்காரன் ஒரு வாரம் சிரிப்பான். நானே முன்னாடி சொல்லிட்டா, வயசான மடையங்க ரெண்டு பேரு விளையாட்டுன்னு போயிடும். உன் புருஷன் பேரு கெடக் கூடாதுன்னுதான் நானும் பாக்கறேன்.

— அவரு பேரைப் பத்தி நான் கவலைப்படல.

— அப்புறம் எதைப் பத்தித்தான் கவலை?

— தோண்ட விடாதே ஆர்வில்.

— அதான் ஏன்னு கேக்கறேன். பலகை வந்தா வருது, வராட்டிப் போகுது. உனக்கு என்ன?

— ஒரு முழம்தான் தோண்ட முடிஞ்சுது என்னால. அடியில ஒரே மர வேரு. மண்வெட்டி போட்டா மொதல்ல அதுதான் தட்டும்.

— எது?

— காபி டப்பா. பெரிய டப்பா.

— டப்பாவுல என்ன?

— என்ன இருக்கும்? அவருதான்.

— லோர்னா, ஹார்லனை ஏரியில கரைச்சோம். போன செப்டம்பர்ல. படகை ஓட்டினதே நான்தான்.

— நீ கரைச்சது அடுப்புச் சாம்பல்.

— என்னது?

— விளக்கு வீட்டு அடுப்புல அள்ளினது. பாதிரியம்மா பெரிய தீவுக் கல்லறைக்குத்தான் வரணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. இவருக்கு அங்க தன் அப்பன் பக்கத்துல படுக்க இஷ்டமில்ல. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்த இடத்தைத்தான் கேட்டாரு. வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரு வந்து தொப்பியைக் கழட்டறான், வேற எந்தச் சுடுகாட்டுல எனக்கு அந்த மரியாதை கிடைக்கும்னாரு. பூங்காவுல புதைக்க அனுமதி குடுப்பாங்களா? அதான் ஏரியில கரைக்கறதாச் சொல்லிட்டு, அவரு சாம்பலை யாருக்கும் தெரியாம இங்க புதைச்சேன்.

— எங்கிட்ட கூடவா?

— உங்கிட்டச் சொல்லவே கூடாதுன்னாரு. நீ சிரிச்சே காட்டிக் குடுத்துடுவியாம்.

— அடுப்புச் சாம்பலுக்கா நான் தேம்பித் தேம்பி அழுதேன்? மூக்கெல்லாம் அடைச்சுப் போச்சே அன்னிக்கு.

— நல்லாத்தான் அழுதே. எனக்கே ஒரு நிமிஷம் நெசம்தானோன்னு ஆயிடுச்சு.

— தேவடியாப் பய. செத்தும் என்னைச் சிரிப்பா சிரிக்க வைக்கறான் பாரு.

— எங்கிட்ட கோவப்படு, பரவாயில்ல. தோண்ட மட்டும் விடாதே. இன்னொரு தடவை அவரைத் தூக்கிட்டு இடம் தேட என்னால ஆகாது.

— சரி, கண்ணைத் துடை. மேட்டுல யாரோ வர்றாங்க. அவளாத்தான் இருக்கும், கையில அட்டை வச்சிருக்கா.

— வணக்கம். நீங்கதானே மிஸ்டர் ஆர்வில்? வரலாற்றுப் பிரிவிலேருந்து வர்றேன். அப்பா, என்ன நடை. வந்ததும் வராததுமா கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. திரும்பற படகு பன்னிரண்டுக்கு.

— கேளுங்க. அதுக்குத்தானே இருக்கேன்.

— இந்த இடத்துல மனித எச்சம் இருக்குன்னு உங்களுக்கு நேரடியாத் தெரியுமா? கேள்விப்பட்டது, யாரோ சொன்னது எல்லாம் கணக்கில்ல.

— ஏழு பேருக்கு நான் சாட்சி இல்லைங்க. அதை நீங்க எழுதிக்கலாம்.

— அப்போ...

— ஒருத்தனுக்குச் சாட்சி. அவனை நல்லாத் தெரியும்.

— ஒருத்தர் போதும். அவரும் ஏரியில போனவரா?

— அப்படித்தான் ஊரே நம்புது. நானும் நம்பி, படகுல நின்னு தொப்பியைக் கழட்டினேன். அவன் ஏரிப்பக்கமே போகலைங்க, இங்கதான் இருக்கான். பேனாவைக் குடுங்க.